பாதி வளைவில் கை மரத்துப் போனால்

இத்தாலியின் மோன்ஸா பந்தயத் தடத்தில் கடைசி வளைவு பராபோலிகா. 2021-இலிருந்து அதற்கு அதிகாரப்பூர்வமாக வேறு பெயர், ஆனால் என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. நீண்ட வலது வளைவு. பிரேக் பிடித்து, காரை உள்ளே திருப்பி, அப்புறம் வளைவு விரிய விரிய வேகத்தைக் கூட்டிக்கொண்டே வெளியே வர வேண்டும். முன் டயர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கைக்குத் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். தெரியாவிட்டால் தடத்துக்கு வெளியேதான் போய் நிற்க வேண்டும்.

போன வருடம் வீட்டுக் கணினியில், கார்ப்பந்தய சிமுலேட்டரில் (சிம் என்பார்கள்), ஒரு ஜிடி3 பந்தயக் காரை அங்கே ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். வளைவில் பாதி தூரம் போனதும் மேஜையில் மாட்டியிருந்த ஸ்டீயரிங் வீல் மரத்துப் போனது. கனம் இருந்தது. ஆனால் சுவரைத் தள்ளுகிற மாதிரி ஒரே சீரான கனம். முன்பக்கம் வழுக்க ஆரம்பித்ததைத் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதற்குள் நேரம் போய்விட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே மரப்பு. வீலைக் கணினியோடு இணைக்கிற டிரைவர் மென்பொருளைத் திறந்து விசையின் வலிமையைக் குறைத்தேன். கனம் குறைந்தது, மரப்பு போகவில்லை. கூட்டினேன். கை வலித்தது, மரப்பு அப்படியே. இப்படி மூன்று வாரம்.

என் தொழில் மேடை ஒலியமைப்பு. மிக்ஸர் முன்னால் நின்று, பாடுகிறவரின் குரல் உடையாமல் கடைசி வரிசை வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. குரல் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முறை உண்டு: மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை சிக்னல் போகிற வழியில் ஒவ்வொரு இடமாக நின்று கேட்பது. எந்த இடம் வரை சரியாக இருக்கிறது, எந்த இடத்துக்கு அப்புறம் கெட்டது என்று தெரிகிற வரை ஒரு குமிழைக்கூடத் தொட மாட்டேன். வீலுக்கும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். டயரிலிருந்து என் உள்ளங்கை வரை ஒரு வழி இருக்கிறது. சிம் டயர் விசையைக் கணக்கிடுகிறது, அதை ஓர் எண்ணாக மாற்றுகிறது, எண் விண்டோஸ் வழியாக டிரைவருக்குப் போகிறது, அங்கிருந்து வீல்பேஸ் என்கிற மோட்டார் பெட்டியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர், மோட்டார், பெல்ட்டோ கியரோ இருந்தால் அது, அப்புறம் கை பிடிக்கிற ரிம், கடைசியில் கை. கோளாறு இதில் எங்கோ ஓர் இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைப் பிடிக்காமல் ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே இருந்தால் முதல் கோளாறோடு இன்னும் நாலு சேர்ந்துகொள்ளும். எனக்குச் சேர்ந்தன.

பராபோலிகா மரப்பின் பெயர் கிளிப்பிங். ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலின் மோட்டார் கைக்குத் தருகிற விசை, அதைப் பற்றி வருகிற புகார்களில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விண்டோஸில் பெரும்பாலான சிம்கள் வீலோடு பேசுவது டைரக்ட்இன்புட் வழியாக. 2000-இல் விண்டோஸின் விளையாட்டு மென்பொருள் தொகுப்பான டைரக்ட்எக்ஸ் 8-உடன் வந்த அதே ஏற்பாடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: இடப்பக்கம் 10,000, வலப்பக்கம் 10,000. அந்த எண்ணுக்கு அலகு கிடையாது. 10,000 என்றால் ‘உன்னிடம் இருக்கிற முழு பலத்தையும் கொடு’ என்று வீலுக்குச் சொல்வது, அவ்வளவுதான். சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிற, பற்சக்கரம் வைத்த கியர் வீலுக்கும் அதே 10,000, ரிம்மை நேராக மோட்டார் தண்டிலேயே மாட்டி 25 தருகிற பெரிய டைரக்ட் டிரைவுக்கும் அதே 10,000. வளைவில் டயர் கேட்கிற விசை அந்தக் கணக்கில் 7,000 என்றால் 7,000 போகும், 9,500 என்றால் 9,500 போகும். 14,000 கேட்டால் 10,000 போகும். 12,000 கேட்டாலும் 10,000. மேலே நடக்கிற ஏற்ற இறக்கம் எல்லாம் வெட்டுப்பட்டு, ஒரு தட்டையான கோடு மட்டும் கைக்கு வரும். சுவர் மாதிரி இருந்தது அந்தத் தட்டைக்கோடுதான்.

இதில் இழப்பது எது என்று பார்த்தால்தான் வலி புரியும். வளைவில் டயர் தன் பக்கவாட்டுப் பிடியின் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்னாலேயே, ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கிற திருப்புவிசை குறையத் தொடங்கிவிடும். பிடி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், ஆனால் கையில் கனம் ஒரு நூலளவு இளகும். அந்த இளக்கம்தான் ‘இதோ, எல்லை வந்துவிட்டது’ என்று முன் டயர் சொல்கிற சொல். அது வருவது விசை மிக அதிகமாக இருக்கும் நேரத்தில். கிளிப்பிங் முதலில் அறுத்துப் போடுவதும் அந்தப் பகுதியைத்தான். ஃபோர்ஸ் ஃபீட்பேக் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரு சேதியை வெட்டிவிட்டு மற்றதையெல்லாம் கொடுக்கிறது.

டிரைவரில் குறைத்தும் ஏன் போகவில்லை? வெட்டு நடந்தது டிரைவருக்கு முன்னால், சிம்முக்குள்ளேயே. மைக் வந்து நுழைகிற இடத்தில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குகிற அளவு, அதிகமாகி குரல் உடைந்துவிட்டால், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் வருவது சத்தம் குறைந்த உடைந்த குரல்தான். வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பேன். வீலிலும் இரண்டு கெயின் இருக்கின்றன. ஆட்டத்துக்குள், அதாவது சிம்முக்குள், இருக்கிற கெயின் சிக்னல் வெட்டுப்படுமா படாதா என்பதைத் தீர்மானிக்கும். டிரைவரிலோ வீல்பேஸிலோ இருக்கிற வலிமை, வந்து சேர்ந்த சிக்னலை எவ்வளவு பலமாகத் தருவது என்பதைத் தீர்மானிக்கும். கிளிப்பிங் என்றால் முதலாவதைக் குறைக்க வேண்டும். அப்புறம் கை லேசாகத் தெரிந்தால் இரண்டாவதைக் கூட்டிக்கொள்ளலாம், வீலில் பலம் மிச்சம் இருந்தால்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. அசெட்டோ கோர்ஸா என்கிற சிம்மில் பெடல்களைக் காட்டும் சின்னப் பட்டையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு கோடு உண்டு, உச்சத்தைத் தொட்டால் சிவப்பாகும். ஐரேஸிங் என்கிற இன்னொரு சிம்மில் ஒரு விசைமானி இருக்கிறது, கூடவே ஒன்றிரண்டு சுற்று ஓட்டிய பிறகு அழுத்தினால் அந்தக் காருக்கு ஏற்ற அளவைத் தானே வைக்கிற பொத்தானும் உண்டு. நான் பட்டையை வைத்துக்கொண்டு பராபோலிகாவை மறுபடி ஓட்டினேன். வளைவுக்குள் நுழைந்து ஒரு நொடியில் சிவந்தது, வெளியே வருகிற வரை சிவப்பாகவே நின்றது. ஆட்டத்தின் கெயினை 100-இலிருந்து 68-க்குக் கொண்டுவந்தேன். அடுத்த சுற்றில் கனம் ஏறியது, ஏறியது, அப்புறம் உள்ளங்கையின் கீழ் மெல்ல இளகியது. அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மயிரிழை தளர்த்தினேன், மூக்கு உள்ளே வந்தது. மூன்று வாரம் காணாமல் போனது அது.

ஆனால் பட்டை ஒருபோதும் சிவக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தடத்தோர மேடான கெர்ப் மேல் ஏறும்போது, சுவரை உரசும்போது ஒரு கணம் சிவந்தால் பரவாயில்லை. அதற்கும் இடம் விட்டால் மற்ற நேரமெல்லாம் வீல் செத்துக் கிடக்கும், சிறிய வீல்களில் குறிப்பாக. ஒரு நீண்ட வளைவு முழுக்கச் சிவந்து நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். ஒரே அளவு எல்லாக் காருக்கும் பொருந்தாது, காற்றழுத்தத்தால் கீழே அமுங்குகிற கார்களில் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் கனக்கும். ஒவ்வொரு காருக்கும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கெர்ப் எஃபெக்ட், ரோடு எஃபெக்ட், ஸ்லிப் எஃபெக்ட் என்று தனியாக இருக்கிற ஸ்லைடர்களைப் பூஜ்யத்துக்கோ அதற்குப் பக்கத்திலோ வைத்துவிட்டுச் சோதியுங்கள். அவை டயர் கணக்கிலிருந்து வருபவை இல்லை, மேலே தூவப்படும் நடுக்கம். இருக்கிற இடத்தில் அவையும் பங்கு கேட்கும்.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று உண்டு. கனமான இடத்தில் எல்லாம் சரி, நேர்ப்பாதையில் நடுவில் ஒன்றுமே இல்லை, வீல் தொளதொளவென்று கிடக்கிறது. கியர் வீல்களிலும் பெல்ட் வீல்களிலும் மோட்டார் முதலில் தன் சொந்த உராய்வை ஜெயிக்க வேண்டும், அப்புறம்தான் ரிம் நகரும். சின்னச் சின்ன விசைகள் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். மினிமம் ஃபோர்ஸ் என்கிற அமைப்பு இதற்குத்தான்: மிகச் சிறிய சிக்னலையும் அந்த உராய்வைத் தாண்டுகிற அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும். கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். நேர்ப்பாதையில் வீல் இடமும் வலமும் கடகடக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு குறைத்துவிடுங்கள். டைரக்ட் டிரைவில் இதற்குத் தேவையே இருக்காது, பூஜ்யம்.

அசெட்டோ கோர்ஸாவில் இன்னும் நுணுக்கமாக, வீலை அளந்து ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுக்கலாம். லட் என்பார்கள். அளக்கிற நிரல் சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாக விசை கொடுத்து, வீல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் அட்டவணை அந்த ஒரு வீலுக்கு மட்டுமே சொந்தம். என் பழைய கியர் வீலுக்கு அப்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தேன், அருமையாக இருந்தது. பிறகு டைரக்ட் டிரைவுக்கு மாறினேன். புது வீல் நேர்ப்பாதையில் தேனீக் கூடு மாதிரி அதிர்ந்தது. ஃபர்ம்வேரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், வீல்பேஸைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு நாள் ஆட்டத்தின் அமைப்புக் கோப்புகள் இருக்கிற அடைவைத் திறந்து பார்த்தபோது பழைய அட்டவணை அங்கேயே இருந்தது, செயலிலும் இருந்தது. உராய்வே இல்லாத மோட்டாருக்கு, உராய்வைத் தாண்டுவதற்கான உதையை அது ஒவ்வொரு கணமும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அணைத்தேன், அதிர்வு நின்றது. வீல் மாற்றினால் முதல் வேலையாக பழைய அமைப்புகள், பழைய டிரைவர், பழைய ப்ரொஃபைல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து ஆட்டம் காண்கிற வீல். நேர்ப்பாதையில் கையை எடுத்தால் ரிம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய் கடைசியில் கார் பாம்பு மாதிரி நெளியும். பலர் இதை வீல் கோளாறு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் கொண்டுபோனால் கூவுமே, அதேதான் இது. மைக் கேட்டது ஸ்பீக்கரில் வந்து, அதை மைக் திரும்பக் கேட்டு, சுற்றிச் சுற்றிப் பெருகும். இங்கே வீல் திரும்புகிறது, சிம் அதைப் பார்த்து எதிர்விசை அனுப்புகிறது, விசை வந்து சேர்வதற்குள் வீல் நடுவைத் தாண்டிப் போயிருக்கும், அதனால் அடுத்த எதிர்விசை இன்னும் தாமதமாகத் தவறான பக்கம் தள்ளும். ஐரேஸிங்கின் இயற்பியல் நொடிக்கு 360 தடவை கணக்கிடுகிறது, ஆனால் வழக்கமான அமைப்பில் வீலுக்குச் சிக்னல் போவது நொடிக்கு 60 தடவை, அதாவது ஏறக்குறைய 17 மில்லி நொடிக்கு ஒரு முறை. அசெட்டோ கோர்ஸாவின் இயற்பியல் நொடிக்கு 333. தாமதம் எவ்வளவு, கெயின் எவ்வளவு, தடுக்கிற உராய்வு எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் வீல் கூவுமா கூவாதா என்பதை முடிவு செய்கின்றன.

நிஜக் காரில் ஸ்டீயரிங் தண்டும் அதன் இணைப்புகளும் கொஞ்சம் உராய்ந்து அந்த ஆட்டத்தைத் தின்றுவிடும். டைரக்ட் டிரைவில் அது கிட்டத்தட்ட இல்லை, அதனால் நாமே கொடுக்க வேண்டும்: வீல்பேஸ் மென்பொருளில், ரிம் வேகமாகத் திரும்புவதைத் தடுக்கிற டேம்பிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தேவைப்பட்டால் ஃப்ரிக்‌ஷனையும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். நிறைய ஏற்றினால் வீல் கூழுக்குள் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். ஆட்டத்தை அடக்க ஸ்மூத்திங்கையோ ஃபில்டரையோ கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்னலை வழவழப்பாக்குகிற எந்த வடிகட்டியும் தாமதத்தைக் கூட்டும், தாமதம் கூடினால் ஆட்டம் வளரும். நானும் கூட்டினேன், வீல் முன்பைவிட மோசமாக ஆடியது. ஃபில்டரைப் பூஜ்யமாக்கி டேம்பிங்கை இரண்டு படி ஏற்றியதும் அடங்கியது. இரண்டு விரலை லேசாக ரிம்மில் வைத்தாலே ஆட்டம் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள், ஓட்டும்போது கை அங்கேதான் இருக்கப்போகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது, ஆபத்தானதும்கூட. கார் நகர்ந்த உடனே வீல் நடுவுக்கு வராமல் ஒரு பக்கமாகப் பாய்ந்து முட்டி நிற்கும். விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. சில சிம்களில் திசையை மாற்றத் தனியாக ஒரு தேர்வு உண்டு, சிலவற்றில் வலிமையின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். தீர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் பெரிய டைரக்ட் டிரைவ் கட்டைவிரலைத் திருகிவிடும். புது ஆட்டத்தையோ புது அமைப்பையோ முதன்முதலாக ஓட்டும்போது வலிமையை 20 சதவீதத்துக்குக் கீழே வைத்து, கட்டைவிரலை ஸ்போக்குக்குள் நுழைக்காமல் ரிம்மின் மேலேயே வைத்து, அவசர நிறுத்தப் பொத்தான் இருந்தால் அதைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த ஒன்றில் அலட்சியம் வேண்டாம்.

விசையே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் எளிது. பொத்தான்கள் வேலை செய்கின்றன, விண்டோஸில் பெயர் தெரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லையா? மின் அடாப்டரைப் பாருங்கள், சில வீல்களில் பொத்தான்களுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும், மோட்டாருக்குத்தான் அடாப்டர். அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே அழுந்திக் கிடக்கிறதா பாருங்கள். கன்ஸோல், கணினி என்று மாற்றுகிற சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா? ஆட்டங்களை வாங்கி ஓட்டுகிற ஸ்டீம் செயலி வழியாக ஓடுகிற ஆட்டம் என்றால் அந்த ஆட்டத்துக்கு ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிடுங்கள், அது வீலைச் சாதாரண கேம்பேட் மாதிரி மாற்றிக் காட்டிவிடும், விசை அங்கேயே நின்றுவிடும். வீலை இயக்கி, அது தானாகச் சுற்றி நடுவைக் கண்டுபிடித்து முடித்த பிறகே ஆட்டத்தைத் திறங்கள். பெடல், கியர், ஹேண்ட்பிரேக் என்று நாலைந்து யுஎஸ்பி சாதனங்கள் இருந்தால் ஆட்டம் விசையை வேறு சாதனத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம், வீலை மட்டும் செருகிச் சோதித்துப் பாருங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே தடம், 20.8 கிலோமீட்டர். பாதிக்கு மேல் போனதும் காருஸெல் வரும், கான்க்ரீட் போட்டுச் சாய்த்த இடது வளைவு. கார் அந்தக் கிண்ணத்துக்குள் விழுந்து அமுங்கும், ஸ்டீயரிங் மலை மாதிரி கனக்கும். அங்கே என் வீல்பேஸ் காணாமல் போனது. துண்டிப்புக்கு விண்டோஸ் எழுப்புகிற அந்த இரட்டை ஒலி கேட்டது, கையில் விசை சட்டென்று இறந்தது, கார் சுவரில். மூன்று நொடி கழித்துச் சாதனம் திரும்பி வந்தது. அடுத்த நாளும் காருஸெல்லில்தான். அதற்கு அடுத்த நாள் வேறொரு பள்ளத்தில்.

எல்லோரும் சொல்வதையே முதலில் செய்தேன். சாதன மேலாளருக்குள் போய் மின்சாரத்தைச் சேமிக்க யுஎஸ்பியை அணைக்கலாம் என்கிற தேர்வுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். பயன் இல்லை. நிதானமாக யோசித்திருந்தால் அது காரணமாக இருக்க முடியாது என்று அப்போதே தெரிந்திருக்கும். மின்சேமிப்பால் வருகிற துண்டிப்பு வீல் சும்மா இருக்கும்போது வரும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள். என்னுடையது வந்தது விசை உச்சத்தில் இருக்கும்போது மட்டும். மோட்டார் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கிற அந்தக் கணத்தில்.

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வீல்பேஸின் மின்கம்பியையும் யுஎஸ்பி கேபிளையும் அழகாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன், ஒன்றோடொன்று ஒட்டி, ஆறு கட்டு. மேடையில் மைக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்து ஓட விட்டால் உடனே அவிழ்க்கச் சொல்கிறவள் நான். குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும் என்பேன். மோட்டாரின் மின்னோட்டம் எகிறும்போது பக்கத்தில் ஒட்டி ஓடுகிற யுஎஸ்பிக்குள் அந்த இரைச்சல் ஏறுகிறது, இணைப்பு அறுந்துவிடுகிறது. கட்டுகளை வெட்டினேன். மின்கம்பியை இடது காலோரம், யுஎஸ்பியை வலது காலோரம் கொண்டுபோனேன். நீளமான கேபிளை மாற்றி குட்டையான, நல்ல கவசம் உள்ள ஒன்றைப் போட்டு, அதன் முனையில் இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டினேன். ஹப் வழியாகப் போகாமல் நேராக மதர்போர்டின் பின்பக்கத் துளையில் செருகினேன். அன்றிலிருந்து காருஸெல்லில் ஒரு துண்டிப்பும் இல்லை. கால் அழுத்தும் பலத்தை அளக்கிற லோட் செல் பிரேக் வைத்திருப்பவர்களுக்குத் தொடாமலே பிரேக் துடித்தால் அதுவும் இந்த இரைச்சலாக இருக்கலாம், வீலும் பெடலும் மாட்டியிருக்கிற உலோகச் சட்டத்தைத் தரையிணைப்போடு சேர்ப்பது பல நேரம் உதவும்.

நீண்ட ஓட்டத்தில் கனம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனால் சூட்டைச் சந்தேகியுங்கள். மோட்டார் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வீல் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று போகிற துளைகளில் தூசி அடைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். டயர் சூடானாலும் சிம்மில் ஸ்டீயரிங் இளகும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: உடனே குளிர்ந்த டயரோடு அதே காரை மறுபடி எடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் லேசாக இருந்தால் வீல்தான்.

கடைசியாகத் தம்பி கதை. போன மாதம் ஒரு ராத்திரி கூப்பிட்டான். “அக்கா, வீல் நடுவுல டக்கு டக்குனு இடிக்குது. கியர் போச்சுன்னு நினைக்கிறேன்.” கியர் வீலில் பற்கள் தேய்ந்தால் அப்படி ஒரு தட்டல் வரத்தான் செய்யும். ஆனால் அவன் அதற்குள் டேம்பிங், மினிமம் ஃபோர்ஸ், கெயின் எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தான். “டேய், முதல்ல எல்லாத்தையும் பழையபடி வை. அப்புறம் மின்சாரத்தை எடு” என்றேன்.

வீடியோ காலில் காட்டச் சொன்னேன். மின்சாரம் இல்லாமல் ரிம்மை இடமும் வலமும் ஒரு விரல்கடை அளவு அசைத்தான். டக். சிக்னல் எதுவும் இல்லாதபோதும் தட்டல் இருக்கிறது என்றால் மென்பொருள் முழுவதும் விடுதலை. இனி உடம்பில் தேட வேண்டும். வெள்ளை டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ரிம்மும் தண்டும் சேரும் இடத்தில் ஒன்று, வீல்பேஸும் ஸ்டாண்டும் சேரும் இடத்தில் ஒன்று, ஸ்டாண்டும் மேஜையும் சேரும் இடத்தில் ஒன்று ஒட்டச் சொன்னேன். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் குறுக்கே ஒரு நேர்க்கோடு. பிறகு கோடு இரண்டாகப் பிரியும்படி டேப்பை மூட்டு நெடுக பிளேடால் கீறிவிட்டு, மறுபடி அசை என்றேன்.

போனை வீலுக்கு ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு அசைத்தான். ரிம்மில் கோடு கோடாகவே இருந்தது. மேஜையில் அசையவில்லை. நடுவில், வீல்பேஸும் ஸ்டாண்டும் சேரும் இடத்தில், கோட்டின் மேல்பாதி ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் போய் நின்றது, டக் என்று திரும்பியது. அடியில் கையை விட்டுத் தடவினான். நாலு போல்ட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின. மாதக்கணக்கில் மோட்டார் அதிர அதிரத் தளர்ந்திருக்கின்றன. ஸ்ப்ரிங் வாஷர் போட்டு இறுக்கினான். அரைமணி நேரம் சத்தம் இல்லை.

அப்புறம் ஒரு செய்தி வந்தது: “அக்கா, பராபோலிகால கனம் குறையுறது கைல தெரியுது. கெயின் எவ்ளோ வெக்கணும்?” பட்டையைத் திறந்து வைத்து இரண்டு சுற்று ஓட்டிவிட்டுச் சொல் என்று பதில் போட்டேன். 74-இல் நிறுத்தியிருக்கிறான்.